பெயருக்கு விட்ட இடம்

கோர்ட் தெருவில் தட்டச்சுக் கடை வைத்திருந்தவளை எல்லோரும் மெஷினக்கா என்றே கூப்பிட்டார்கள். இருபது வருஷமாக ஊரார் விவாகரத்து, பாகப்பிரிவினை, ஜீவனாம்ச மனுக்களை அடித்தவள். கண் பார்க்கும், விரல் ஓடும். மனசு மட்டும் எட்டிப் பார்க்காது. பார்த்தால் அழுகை வரும், பக்கம் முடியாது.

அன்று காலை ஒரு வக்கீல் குமாஸ்தா கொடுத்த பத்திரத்தையும் அப்படித்தான் அடித்தாள். பெயர் வரவேண்டிய இடங்களில் வெறும் புள்ளிகள்.

சாயங்காலம் புருஷன் வீட்டுக்கு வந்தான். ஏழு மாதமாக அண்ணன் வீட்டில் இருந்தவன், அந்த அண்ணனையும் கூட்டி வந்திருந்தான்.

"பிரிஞ்சு இருக்கோம்னு ஒரு காகிதம், அவ்வளவுதான். பொண்ணுக்கு மாசாமாசம் பணம் தர்றேன். கடைசிப் பக்கத்துல கையெழுத்து போடு."

"நாள் முழுக்கக் காகிதத்தோட மாரடிக்கிறவ, உனக்குத் தெரியாததா? போடும்மா" என்றார் மூத்தார்.

பேனாவைத் திறந்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது: வரிக்கு வரி 'க' மட்டும் மயிரிழை மேலேறி நின்றது. அவள் மெஷினின் கோளாறு அது. புள்ளிகளின் மேல் மையால் அவள் பெயர்.

தன் விரல் வழியாகப் போன பத்திரம். ஒரு வரிகூட நினைவில்லை. முன்பக்கத்தைப் புரட்டினாள். மூத்தாரின் கை காகிதத்தின் மேல் விழுந்தது.

"எங்க மேல நம்பிக்கை இல்லையா?"

படிக்க விடாத நம்பிக்கை என்ன நம்பிக்கை? படித்தவளையே இப்படி மடக்கினால், படிக்காதவள் கதி? அவர் கையை விலக்கிப் படித்தாள். வீட்டில் எனக்குப் பாத்தியதை இல்லை. ஜீவனாம்சம் என்றைக்கும் கேட்கமாட்டேன். முப்பது நாளில் காலி செய்கிறேன். அவன் பேரில் இருந்தாலும், அவள் நகையை விற்றுக் கட்டிய வீடு.

உள்ளறையில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த மகளின் குரல் நின்றது.

"காலையில அடிச்சப்போ படிக்கல. இப்பப் படிச்சுட்டேன்." பேனாவை மூடினாள். "போடமாட்டேன்."

"அப்போ கோர்ட்ல பார்த்துக்கறேன். தெருவுல நிக்கப் போற!"

"பாருங்க. எனக்கு மனு அடிக்க ஆள் தேட வேண்டியதில்ல."

இருவரும் போனதும் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் இரண்டு முறை துளையைத் தவறியது. மூன்றாம் முறை மகளின் கையும் வந்து சேர்ந்து தள்ளியது.