திருப்பிச் சொல்கிற கலியமூர்த்தி

“அடுப்ப அணைங்க” என்று மனைவி கொல்லைப்புறத்திலிருந்து குரல் கொடுத்தால், “அடுப்ப அணைக்கிறேன்… அணைச்சாச்சு” என்று பதில் சொல்லாமல் கலியமூர்த்தியின் கை அடுப்புக்குப் போய்த் திரும்பாது. பஸ்ஸில் கண்டக்டர் “உள்ள போங்க” என்றாலும் அதே கதைதான். “உள்ள போறேன். போயாச்சு.”

சுரங்கத்தில் நிலத்தடி நீரை இறைக்கும் பம்ப்புப் பிரிவில் அவருக்கு இது முப்பத்தோராம் ஆண்டு. கண்ட்ரோல் ரூமிலிருந்து போனில் வரும் உத்தரவை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்ன பிறகே சுவிட்சைத் தொட வேண்டும் என்பது அங்கே முறை. பம்ப்பின் அருகிலோ பேச்சு எடுபடாது. சுட்டுவிரலை உயர்த்தி வட்டமாகச் சுற்றினால் ‘ஓடுகிறது’ என்று பொருள். ஷிப்ட் முடிந்ததும் இரண்டு பழக்கங்களும் அவருடனேயே குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடும். சட்டைப்பையில் இரண்டு பேனாக்கள் இருக்கும், ஒன்று எழுதாது. அது இரவல் கேட்கிறவர்களுக்கு.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தம் இடது சிறுநீரகத்தை பக்கத்து ஊரான வடக்குத்தில் இருக்கும் தங்கை பெரியநாயகிக்குக் கொடுத்தார். அறுவை முடிந்த மூன்றாம் நாள் சக்கர நாற்காலியில் வந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து அவளுக்கு விரலைச் சுற்றிக் காட்டினார். அதைப் பற்றிக் கேட்டால், “ஸ்டாண்ட்பை பம்ப்பக் குடுத்தேன், அவ்ளோதான்” என்பார்.

சென்ற ஆடியில் அவருடைய ரத்தப் பரிசோதனையின் எண்கள் ஏறின. எஞ்சிய ஒரே சிறுநீரகத்துக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்த்தாக வேண்டும், சி.டி. ஸ்கேனின் சாயமருந்தோ அந்த ஒன்றையும் நோகடிக்கக்கூடும். ஆகவே டாக்டர் வெண்மதி வேறு வழி சொன்னார்: நுண்குமிழி மருந்தை ஊசியில் ஏற்றி, குமிழிகள் சிறுநீரகத்தை எவ்வளவு விரைவில் நிரப்புகின்றன என்று அல்ட்ராசவுண்டில் அளப்பது. சில நிமிடங்களில் அவை மூச்சோடு வெளியேறிவிடும்.

“ஃப்ளோ பாக்கறாங்க. நம்ம வேலதான்” என்று கலியமூர்த்தி உற்சாகமாகப் படுத்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பருகாத பெரியநாயகி, திரை தெரியும் பக்கமாக நின்றுகொண்டாள்.

ஊசி ஏறியது. “மூச்ச அடக்குங்க சார்.”

“மூச்ச அடக்கறேன்… அடக்கியாச்சு!”

படம் குலுங்கிக் கலைந்தது.

“அய்யோ, அண்ணே! அடக்கியாச்சுன்னு பேசிக்கினே இருந்தா எங்கருந்து அடக்கறது? ஒன் வாயத்தான் மொதல்ல ஸ்கேன் பண்ணணும்!”

டாக்டர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். “குப்பியில இன்னும் ஒரு ஊசிக்குத்தான் சார் மருந்து இருக்கு. இதுவும் போச்சுன்னா, மறுபடி வரவழைக்க ரெண்டு வாரம் ஆகும்.”

“ரெண்டு வாரம் ஆ—” என்று தொடங்கிய வாயைத் தங்கை பொத்தினாள்.

“ரெண்டு வாரம் என்னால தாங்க முடியாதுண்ணே” என்றாள், குரலைத் தாழ்த்தி. “ஒன்னுது ஒன்னு எங்கிட்டதான இருக்குது.”

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

இரண்டாவது ஊசி. உத்தரவு வந்தது; உதடுகள் திறக்கவில்லை. இருண்டிருந்த திரையில் பொன்னிறப் புள்ளிகள் ஓரத்திலிருந்து உள்ளே பரவி, நொடிகளில் அவரைக்கொட்டை வடிவத்தை நிறைத்தன.

“ரத்தம் நல்லா ஓடுதும்மா” என்றார் டாக்டர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். “சார், இன்னும் கொஞ்சம் அப்படியே இருங்க.”

கலியமூர்த்தியின் உதடுகள் துடித்தன. அதைக் கண்ட பெரியநாயகி, அவசரமாகச் சுட்டுவிரலை உயர்த்தி மூன்று முறை வட்டமாகச் சுற்றினாள்.

அவர் மூச்சை இறுக்கிப் பிடித்தபடி, ஊசி ஏறாத கையை மெல்ல மேலே தூக்கி, ஒரு சுற்றும் குறையாமல் மூன்று முறை திருப்பிச் சுற்றினார்.