மூன்றாம் மாடி மாமரம்

வெளிநாட்டில், இல்ஃபோர்ட் என்ற ஊரில் இருக்கும் நகுலேஸ்வரி அங்கே ஆஸ்பத்திரிச் சமையலறையில் பதினொரு வருடம் வேலை செய்தவர். வாய்க்காரி என்று பெயரெடுத்தவர். சூப்பர்வைசரே அவருக்கு முன்னால் அடக்கித்தான் வாசிப்பார். ஆனால் ஞாயிறு காலை எட்டு மணிக்கு மட்டும் அந்த வாய் உலர்ந்துபோகும். கொழும்பில் இருக்கும் தம்பிக்கு அவர் போன் எடுக்கும் நேரம் அது.

2007ஆம் ஆண்டு, வெள்ளை வான் வண்டியில் ஆட்களைக் கடத்திக்கொண்டு போன காலம். தம்பி ஞானேஸ்வரன் வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், விசாவுக்காகக் காத்து, வெளியே அதிகம் தலைகாட்டாமல் இருந்தான். யாராவது ஒட்டுக்கேட்பார்கள் என்று அப்போது எல்லோரும் மூடித்தான் பேசினார்கள். இவர்களுக்கு ஒரு மாமரம் வாய்த்தது. "மாமரம் எப்பிடி?" என்று அக்கா கேட்பார். "நல்லா நிக்குது" என்றால் பிரச்சினை இல்லை. பூச்சி பிடித்துவிட்டது என்றால் யாரோ தேடி வந்திருக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை, கூட வேலை செய்யும் டொலறஸ் பஸ் பிடித்து எல்லோரையும் ஒரு மியூசியத்துக்குக் கூட்டிப்போனாள். உலகப் போரில் எதிரியின் இரகசியச் செய்திகளை உடைத்த இடமாம். நகுலேஸ்வரி போனது மதியத்துக்குத் தரும் இடியப்பப் பார்சலுக்காகத்தான்.

கண்ணாடிக்குள் டைப்ரைட்டர் போன்ற ஒரு இயந்திரம். அதன் பக்கத்தில் நின்று ஒரு வெள்ளைக்காரக் கிழவர் விளக்கினார். இயந்திரத்தில் பிழையில்லை, அனுப்பியவர்களின் பழக்கத்தில்தான் பிழை என்றார். தினமும் அதே நேரத்தில், அதே சொற்களில் வானிலை அறிக்கை அனுப்பினார்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே மற்றதை அவிழ்த்தோம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நகுலேஸ்வரி டொலறஸின் கையைப் பிடித்தார்.

"டொலறஸ், மூண்டாம் மாடியில மாமரம் நிக்குமோ?"

"உனக்கென்ன விசரோ?"

ஞாயிறு, எட்டு மணி, ஒரே கேள்வி. ஒன்றரை வருடம்! பருவமும் இல்லை, நிலமும் இல்லை, ஆனால் மரம் மட்டும் நல்லா நிற்கிறது. கேட்டுக்கொண்டிருப்பவன் எத்தனை தரம் சிரித்திருப்பான்? தம்பியைத் தன் வாயாலேயே காட்டிக்கொடுத்துவிட்டோமோ என்று தோன்றியது. இடியப்பம் அப்படியே வீடு திரும்பியது.

மறுநாள் எட்டு மணிக்கு அவர் போனைத் தொடவில்லை. தொடாவிட்டால் அவன் பிழைப்பான் என்று நினைத்தார்.

ஒன்பதேகாலுக்குப் போன் அடித்தது. பின்னால் பஸ் ஹோர்ன் சத்தம்.

"அக்கா! ஏன் எடுக்கேல்ல? உங்களுக்கு என்ன நடந்தது?"

"நீ எங்க நிண்டு கதைக்கிறாய்?"

"கீழ, றோட்டுப் போன்கடையில. வீட்டு லைனில வெளிநாடு எடுக்கேலாது."

நான்கு மாதமாகப் படியிறங்காதவன். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சோதனைச்சாவடி. தான் எடுக்காததால்தான் அவன் அதைத் தாண்டி வந்து நிற்கிறான்.

"வையடா போனை! நேர வீட்டை போ. நான் எடுக்கிறன்."

பத்து நிமிடம் கழித்து எடுத்தார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி எடுத்தார். ஏழாவது தடவையும் யாரும் இல்லை. இனி வேறு யாருடைய குரலாவது வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே எட்டாவது தடவை அழுத்தினார். யாரோ ரிசீவரை எடுத்தார்கள். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

உலர்ந்த வாயில் வேறு எந்தச் சொல்லும் வரவில்லை.

"மாமரம் எப்பிடி?" என்றார்.

"நிக்குது, அக்கா."