மணியடித்தால் பந்தைக் கீழே வை

என் மனைவி ஒரு மகளிர் கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தாள். எழுபதுகளில் தூத்துக்குடியில் இதைச் சொன்னால் கேட்டவர்கள் மூன்று விதமாக நடந்துகொள்வார்கள். சிலர் சிரிப்பார்கள். சிலர் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். மற்றவர்கள், "அதுக்குச் சம்பளமுமா குடுக்காவ?" என்று கேட்பார்கள். மளிகைக்கடை அண்ணாச்சி மூன்றையும் ஒன்றாகச் செய்வார்.

"என்ன சார், வீட்டம்மா விசிலடிக்காவளாமே? வீட்டுலயும் அடிக்காவளா?"

"அடிக்கா. அடிச்சா நான் நின்னுருவேன்."

கடை முழுக்கச் சிரிக்கும். சிரித்து முடித்து வீட்டுக்கு வந்து பார்த்தால் புளி எடை குறைந்திருக்கும். அவருடைய நகைச்சுவைக்கு நான் கொடுத்த விலை அது.

நான் பையன்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். அதனால் கல்லூரியில் ஆட்டம் நடந்தால் மேசையில் உட்கார்ந்து புள்ளியும் நேரமும் பார்க்க என்னைக் கூப்பிடுவார்கள். அந்த வளாகத்துக்குள் நுழைய உத்தரவு பெற்ற ஆண்கள் நான்கு பேர்: பூசை வைக்கும் சாமியார், தோட்டக்காரர், குசினிக்கு மீன் கொண்டுவருகிறவர், நான். மரியாதையும் அதே வரிசையில்தான். மீன்காரருக்காவது காப்பி கொடுப்பார்கள்.

கல்லூரியை நடத்தியவர்கள் கன்னியாஸ்திரீகள். தலைமைக் கன்னியாஸ்திரீயை மதர் என்போம். மதருக்குக் கூடைப்பந்து மீது கோபம் எதுவும் இல்லை. அது நடந்த இடத்தின் மீதுதான் ஆசை. வளாகத்தில் சிமென்ட் போட்ட சமதளம் அது ஒன்றே. அங்கே மாதாவுக்கு ஒரு கெபி கட்டவேண்டும், குகைபோலக் கல் அடுக்கி உள்ளே சுரூபம் வைக்கவேண்டும், முன்னால் பிள்ளைகள் முழங்காலிட இடம் விடவேண்டும் என்பது அவர் நெடுநாள் எண்ணம். பிள்ளைகள் முழங்கால் தேய விழுந்து எழுந்துகொண்டிருந்ததும் அதே சிமென்டில்தான். அது கணக்கில் வரவில்லை.

என் மனைவியை வேலைக்கு எடுத்தபோது மதர் மூன்று நிபந்தனைகள் போட்டார். பாவாடை முழங்காலுக்குக் கீழே இருக்கவேண்டும். ஆடும்போது கத்தக்கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயிலில் மூவேளை ஜெபத்துக்கு மணியடித்தால், பந்து யார் கையில் இருந்தாலும் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பிக் கண்ணை மூடி நிற்கவேண்டும்.

எங்கள் கடற்கரைப் பக்கம் அந்த மணிக்கு எல்லாரும் நிற்பதுதான் வழக்கம். சைக்கிளில் போகிறவர் இறங்கி நிற்பார். குழாயடியில் சண்டை போடுகிற பெண்கள் வசவைப் பாதியில் நிறுத்தி, மாதாவுக்கு உரியதைச் சொல்லி முடித்து, விட்ட எழுத்திலிருந்து தொடங்குவார்கள்.

முதல் இரண்டு நிபந்தனைகளும் ஒரே மாதத்தில் செத்துப்போயின. மூன்றாவது சாகவில்லை. ஜெபத்தின் நடுவே பந்து தட்டும் சத்தம் கேட்டால் மதர் ஜன்னலைத் திறப்பார். ஜன்னல் திறந்தால் கெபிப் பேச்சும் திறந்துகொள்ளும். அதனால் என் மனைவி ஒரு தண்டனை வைத்தாள். முதல் மணிக்குப் பிறகு பந்து யார் கையில் இருக்கிறதோ அவள் மைதானத்தை நாலு சுற்று ஓடவேண்டும்.

"ஏளா, காதுல விழுதா இல்லயா? நீ கும்புட்டு முடிச்சிட்டு ஓடு!"

பந்தைக் கடத்த, எதிராளியை மறிக்க, கூடைக்கு அடியில் இடம் பிடிக்க, எத்தனையோ சொல்லிக்கொடுத்தாள். எல்லாம் அரைகுறையாகத்தான் ஏறின. மணிக்குப் பந்தைக் கீழே வைப்பது மட்டும் நூற்றுக்கு நூறு.

ஒரு வருஷம் அணி, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டது. ஆட்டம் எங்கள் மைதானத்தில். காரணம் நடுவில் ஆடிய பெண். சங்கு குளிக்கிறவர் மகள், அணியிலேயே உயரமானவள், வாயும் அதே உயரம். "மிஸ், எங்கப்பா தண்ணிக்குள்ள மூச்சு விடாம இருக்காவ. நீங்க என்னயத் தரையிலயே மூச்சு விட மாட்டேங்கியளே" என்பாள்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மதர் என் மனைவியைக் கூப்பிட்டனுப்பினார். மதர் வெளியூர்க்காரர். புத்தகத் தமிழில்தான் பேசுவார்.

"வெற்றி பெற்றால் மைதானம் இருக்கட்டும். தோற்றால் கெபிக்கு அஸ்திவாரம் போடுவோம். இறைவனின் சித்தம் எது என்று நமக்குத் தெரிந்துவிடும். தையல் வகுப்புக்கும் ஓர் ஆசிரியை தேவைப்படுகிறார்."

என் மனைவிக்கு ஊசியில் நூல் கோக்கவும் வராது. என் சட்டையில் அப்போது இருந்த பித்தான்கள் நான்கு, இல்லாதவை மூன்று. மைதானம் போனால் அவள் வேலையும் போனதுதான்.

நாலு மணிக்குத் தொடங்கவேண்டிய ஆட்டம். சிறப்பு விருந்தினராக வந்த உப்பள முதலாளி நாலரைக்குத்தான் வந்தார். ஆறு மாலைகள். பெண்கள் அடக்கமாக இருக்கவேண்டும் என்பதை ஒன்பது முறை சொன்னார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்ற பத்துப் பெண்களும் அடக்கமாகக் கேட்டார்கள். கடைசியில் கூடையைச் சுட்டிக்காட்டி, "அடியே இல்லாம இருக்கு, போட்ட சரக்கு எப்படி நிக்கும்? என் செலவுல தச்சுக் குடுக்கேன்" என்றார். பலத்த கைதட்டல். பேசி முடித்ததும் காரில் ஏறிப் போய்விட்டார். ஆட்டத்தைப் பார்க்க அவரை யாரும் அழைக்கவில்லை என்று நினைத்திருப்பார்.

ஆட்டம் முடிய ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக இருந்தபோது எங்கள் புள்ளி நாற்பத்தொன்று, மதுரையிலிருந்து வந்த அணிக்கு நாற்பது. பந்து எங்கள் நெட்டைப் பெண் கையில், மைதானத்தின் நட்டநடு வட்டத்துக்குள். தட்டிக்கொண்டே நின்றிருந்தால் போதும்.

மணி அடித்தது.

அவள் பந்தைக் கீழே வைத்தாள். எறியவில்லை, நழுவவிடவில்லை. முட்டையை வைப்பதுபோல வைத்தாள். எங்கள் ஐந்து பேரும் கைகூப்பிக் கண்ணை மூடினார்கள். ஓரத்தில் நின்ற என் மனைவியும் மூடினாள். மதர், கன்னியாஸ்திரீகள், சுற்றி நின்ற மாணவிகள், எல்லாக் கண்களும் முதல் மணிக்கே மூடிவிட்டன. திறந்திருந்தவை மதுரைக்காரர்களுடையவை, திருநெல்வேலியிலிருந்து வந்த நடுவருடையவை, கடிகாரம் கையில் இருந்ததால் என்னுடையவை.

மதுரைப் பெண் ஒருத்தி நடுவரைப் பார்த்தாள். அவர் விசிலை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். தெருவில் கிடக்கும் பர்ஸை எடுப்பதுபோல அவள் அக்கம்பக்கம் பார்த்துப் பந்தை எடுத்தாள். தட்டிக்கொண்டே போனாள். கூடையில் போட்டாள். நாற்பத்திரண்டு. கடிகாரம் ஜெபம் சொல்லவில்லை. எங்கள் பெண்கள் சிலுவை போட்டுக் கண்ணைத் திறந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது.

நடுவர், "விசில் ஊதலியே மேடம், ஆட்டம் நடந்தது நடந்ததுதான்" என்று சொல்லிவிட்டுத் திருநெல்வேலி பஸ்ஸுக்கு ஓடினார். நெட்டைப் பெண் என் மனைவியின் தோளில் விழுந்து அழுதாள்.

"மிஸ், நாலு சுத்து ஓடணுமேன்னு வச்சுட்டேன் மிஸ்."

"சத்தமாச் சொல்லாதளா. மதர் வாராவ."

மதர் கண்ணீரோடு வந்தார். "உலகத்தின் வெற்றியை மாதாவின் காலடியில் வைத்தாயே மகளே!" என்று அவளைத் தழுவிக்கொண்டார். பிறகு கன்னியாஸ்திரீகளைப் பார்த்து அறிவித்தார். "கெபி கட்டத்தான் போகிறோம். இந்தப் பிள்ளை பந்தை வைத்த அதே இடத்தில் கட்டுவோம். எங்கே வைத்தாய் மகளே?"

நட்டநடு வட்டம். அங்கே கெபி எழுந்தால் அதைச் சுற்றிப் பவனி வரலாம், பந்து ஆடமுடியாது. அந்தப் பெண் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"ஏளா, அந்தா வேப்பமரத்து மூலையிலதான வச்ச?" என்றாள் என் மனைவி. "மதர் கேக்காவல்லா, சொல்லு."

அந்தப் பெண் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். மூன்று வருஷப் பயிற்சியில் இதைப்போல ஒரு பந்தை அவள் கச்சிதமாகப் பிடித்ததில்லை.

"ஆமா மதர். கோட்டுக்கு வெளிய, அங்கனதான்."

மதர் என் பக்கம் திரும்பினார். "கணக்கு சார், நீங்கள் பார்த்தீர்களா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். விசில் ஊதுமுன் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"நானும் ஜெபத்துல இருந்தேன் மதர்."

கெபி வேப்பமரத்து மூலையில் எழுந்தது. மைதானம் தப்பியது, என் மனைவியும் தையலிலிருந்து தப்பினாள், தையலும் அவளிடமிருந்து தப்பியது. கூடைக்கு அடி தைக்க முதலாளி அனுப்பிய ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். ஓய்வு பெறும் வரை அங்கேயே விசிலடித்தாள்.

எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. கோட்டுக்கு வெளியே கிடந்த பந்தை எடுத்துப் போட்டால் புள்ளி கிடையாது. கெபி இருக்கும் இடம் சரியென்றால் அந்த ஆட்டத்தில் ஜெயித்தது நாங்கள். கோப்பை மதுரைக்குப் போனது சரியென்றால் கெபி இடம் தப்பு. இரண்டும் சரியாக இருக்க வழியே இல்லை. வருஷாவருஷம் திருவிழாவுக்கு அங்கே போய் முழங்காலிடும்போது இதை என் மனைவியிடம் எடுத்துச் சொல்லுவேன்.

"எண்ணுனது போதும்" என்பாள். "கண்ண மூடுங்க."