தராசு சர்க்காருது

குழந்தையை முதுகில் சேலைத் துணியால் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்து வருகிறவள் சட்டென்று நிற்கிறாள். தோளுக்கு மேலே கையைப் பின்னால் விட்டு, அதன் மூக்கடியில் விரலை வைத்துப் பார்க்கிறாள். மூச்சு சூடாகப் பட்டதும் மறுபடி நடை. சேரியிலிருந்து பாகலூர் தாய்சேய் நல நிலையத்துக்கு இரண்டு மைல். அதற்குள் செல்லி நாலைந்து தடவை இப்படி நின்றுவிடுவாள். அந்த விரல் பட்டுக் குழந்தை விழித்து அழும். "அழட்டும். தூங்குதுன்னு நெனச்சிக்கினு இருந்துதான் ஒண்ணப் பறிகுடுத்தேன்" என்பாள்.

வயது பதினேழு என்று நிலையத்துப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அது நர்ஸ் சரோஜம்மாள் உத்தேசமாகப் போட்டது. ஏரி உடைந்த வருஷம் பிறந்தவள் என்பதுதான் செல்லிக்குத் தெரியும். பதினாலில் கல்யாணம், பதினைந்தில் ஓர் ஆண் குழந்தை. பல் முளைக்கிற நேரத்தில் அதற்கு வயிற்றுப்போக்கு வந்தது. தண்ணீரை நிறுத்தினால் போக்கு நிற்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், நிறுத்தினாள். கண் குழிந்து, நாக்கு காய்ந்து, கடைசி நாளில் அது கண்ணீரே இல்லாமல் அழுதது. இப்போது முதுகில் இருப்பது பெண். ஆறு மாதம்.

சரோஜம்மாள் சேலத்திலிருந்து வந்தவள். சர்க்கார் நிலையத்தைத் திறந்து இரண்டு வருஷம் ஆகிறது. பதினெட்டு வயதுக்குள் பிள்ளை பெற்றவர்களுக்கென்று வியாழக்கிழமையை அவளாகவே ஒதுக்கி வைத்தாள். குழந்தையைக் குளிப்பாட்டுவது, தண்ணீரைக் காய்ச்சுவது, பால் பவுடரைக் கட்டியில்லாமல் கரைப்பது எல்லாம் அன்றைக்குத்தான். சரோஜம்மாள் தன் அறையிலிருந்து கொண்டுவருகிற கொக்கித் தராசு அன்றைக்கு உத்தரத்தில் தொங்கும். அதில் துணித் தொட்டில் கட்டி ஒவ்வொரு குழந்தையாக எடை பார்ப்பார்கள். மற்றப் பெண்கள் சொன்னதற்குத் தலையாட்டுவார்கள். செல்லிக்கு அது வராது. "தண்ணி கொமிழி வந்தா எறக்கிடலாங்களா, இல்ல தளதளன்னு கொதிக்கணுங்களா? எத்தினி நேரம்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் விடுவாள். கோபம் வந்தால் அவள் பேச்சில் கன்னடம் ஏறும். பால் பவுடரை மாமியார் டீத் தண்ணீருக்குக் கேட்டபோது "பேடா", வேண்டாம், என்று ஒரே சொல்லில் டப்பாவை மூடினவள் அவள்.

நிலையம் இருந்த இடம் பெரிய வீட்டு நாராயணப்பனுடைய பழைய கேழ்வரகுக் கிடங்கு. அவருடைய மருமகள் ராஜாத்திக்குப் பதினைந்து வயதில் தலைப்பிள்ளை பிறந்தது. முதலில் சரோஜம்மாள் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்து வந்தாள். மூன்று மாதம் ஆனதும், வியாழக்கிழமை எடைக்குக் கொண்டுவரச் சொன்னாள். சேரிப் பிள்ளைகள் படுத்த துணியிலா எங்கள் பிள்ளை படுக்கும் என்று அந்த வீட்டில் கேள்வி எழுந்தது. சேரிக்காரர்கள் இனிச் செவ்வாய்க்கிழமை வரட்டும், வியாழக்கிழமை ஊருக்கு என்று நாராயணப்பன் சொல்லி அனுப்பினார்.

சரோஜம்மாள் தயங்கித் தயங்கித்தான் அதைச் சொன்னாள். "ரெண்டு நாள் முன்னால வந்தா என்ன செல்லி? குடுக்கறது அதே பால்தானே?"

"பால் அதேதானுங்க. அப்பறம் நாள் மட்டும் ஏன் வேற?"

சரோஜம்மாள் புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

செவ்வாய்க்கிழமை சேரியிலிருந்து ஒருத்தியும் போகவில்லை. வியாழக்கிழமை செல்லியோடு இன்னும் ஒன்பது பேர் வந்தார்கள். கிடங்கில் நாராயணப்பன் வீட்டுப் பூட்டு தொங்கியது. பூட்டுக்கு முன்னால் சரோஜம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். செல்லி பூட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"எடம் அவுங்களுது, இருக்கட்டும். தராசு சர்க்காருது இல்லீங்களா நர்சம்மா? எடுத்துக்கினு வாங்க."

ரோட்டோரத்தில் ஒரு புங்கமரம் நின்றது. சரோஜம்மாள் அந்த மரத்தையும் ரோட்டில் போகிறவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். வேலை போய்விடுமோ என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் அறைக்குப் போய்த் தராசோடு திரும்பி வந்தாள். அன்று பத்துக் குழந்தைகளின் எடையையும் சந்தைக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மறுநாள், செல்லி கூலிக்குப் போகிற நாராயணப்பன் கொல்லைக்காட்டில் இனி அவளுக்கு வேலை இல்லை என்று மேஸ்திரி எல்லப்பன் சொல்லிவிட்டான். புருஷன் திம்மப்பன் இரண்டு நாள் அவள் போட்ட சோற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் விடியலில், "எந்திரு, ஓசூர் ரோட்டுல ஜல்லி ஒடைக்க ஆள் எடுக்கறாங்க" என்று எழுப்பினான். ஒரு வாரத்தில் அவளுடைய உள்ளங்கை தோலுரிந்தது. வியாழக்கிழமை மட்டும் ஜல்லிக்குப் போகமாட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை மத்தியானம், புங்கமரத்தடியில் எடை நடந்துகொண்டிருக்கையில், ராஜாத்தி நடு ரோட்டில் தனியாக நடந்து வந்தாள். காலில் செருப்பில்லை. தலை கலைந்திருந்தது. தோளில் குழந்தை துவண்டு கிடந்தது. இரண்டு நாளாகப் போக்கு. வீட்டில் பாலையும் தண்ணீரையும் நிறுத்தியிருந்தார்கள். மாமியார் கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் கிளம்பி வந்துவிட்டாள்.

குழந்தை மெல்லிசாக ஒரு சத்தம் போட்டு அழுதது. கண்ணில் நீர் இல்லை. அது செல்லிக்குத் தெரிந்த சத்தம். தன் பிள்ளையைப் பக்கத்திலிருந்தவள் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"உக்காருங்க சின்னம்மா. மொதல்ல மொலையக் குடுங்க."

குழந்தைக்கு உறிஞ்சத் தெம்பில்லை. சரோஜம்மாள் அவசர அவசரமாகக் கஞ்சித் தெளிவில் உப்புப் போட்டு ஆற்றினாள். சங்கில் எடுத்துப் புகட்டியதும் அப்படியே வாந்தியாக வந்தது. "சொட்டுச் சொட்டா விடணும். பொறுமையா" என்றாள். சங்கைச் செல்லி வாங்கினாள். ராஜாத்தி ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் ஜல்லித் தூசி. பார்த்துவிட்டுக் குழந்தையின் தலையை அந்தக் கையில் சாய்த்தாள்.

சிறிது நேரத்தில் மாமியார் சென்னம்மாள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "ஏய், கையெடுடி! யார் பிள்ளைய யார் தொடறது?"

செல்லி நிமிரவில்லை. அடுத்த சொட்டை விட்டாள்.

"எம்புள்ளக்கித் தண்ணிய நிறுத்துன்னாங்க, நிறுத்தினேன். செத்துப்போச்சு. இதுக்கு நிறுத்தமாட்டேன். சின்னம்மா சொல்லட்டும், கையெடுக்கறேன்."

எல்லோரும் ராஜாத்தியைப் பார்த்தார்கள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமியாருக்கு எதிரே வாய் திறக்காதவள் அவள். குழந்தையின் காலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அவளே குடுக்கட்டும் அத்தை."

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, வெயில் சாய்கிறவரை செல்லி எழுந்திருக்கவில்லை. சொட்டு விடுவாள், தொண்டை அசைகிறதா என்று பார்ப்பாள், மறுபடி விடுவாள். கால் மரத்துப்போனது. திடீரென்று மடி நனைந்தது.

"ஒண்ணுக்குப் போயிருச்சு! நர்சம்மா, ஒண்ணுக்குப் போயிருச்சு!" ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். சரோஜம்மாள் ஓடிவந்து குழந்தையின் நாக்கைத் தொட்டுப் பார்த்தாள், ஈரம் இருந்தது. சென்னம்மாள் மரத்தடியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சாயங்காலம் குழந்தை தானாகவே தாய்ப்பால் குடித்தது.

அடுத்த வாரம் செல்லி மரத்தடிக்கு வந்தபோது சரோஜம்மாள் இன்னும் வந்திருக்கவில்லை. எல்லப்பன்தான் காத்துக்கொண்டிருந்தான்.

"இந்தா புள்ள, கெடங்குச் சாவி. நர்சம்மா வந்தாக் குடு. எல்லாரும் ஒண்ணாவே உள்ள உக்காந்துக்குங்கன்னு பெரியவரு சொல்லிட்டாரு. கொல்லையிலயும் வேலை இருக்குதாம், ஒன்னை வரச் சொன்னாரு."

"வேலை பேடா. எனக்கு ஜல்லி இருக்குது. சாவியக் குடு."

சேரிக்காரர்களுக்கு எதைக் கொடுத்தாலும் எப்படிக் கொடுப்பானோ அப்படியே எல்லப்பன் சாவியைக் கயிற்று நுனியில் பிடித்து உயரத் தூக்கினான். கீழே அவள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்துவாள், போட்டுவிடலாம் என்று நின்றான்.

செல்லி ஏந்தவில்லை. குழந்தையை இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். வலது கையை அவன் கை இருந்த உயரத்துக்கே நீட்டி, விரலை விரித்து, இறக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.