தறிக்குழி ஊறுகாய்

என் சமையலைக் குறை சொன்னவங்க ஆரணியில யாரும் கிடையாது. திமிருன்னு நினைச்சாலும் பரவாயில்லை, உண்மை அதுதான். தொண்ணூறுகளோட கடைசியில ஒருநாள் டாக்டர் என் வீட்டுக்காரருக்குப் பிரஷர் பார்த்துட்டு, என்கிட்ட சொன்னார்: "உப்பு பாதி, எண்ணெய் பாதி, ஊறுகாய் கூடவே கூடாதும்மா. இப்படியே போனா கை கால் இழுத்துக்கும்." எனக்கு அழுகையும் வந்தது, கோவமும் வந்தது. பட்டு நெய்யறவருக்குக் கையும் காலும்தானே எல்லாம்?

அன்னைக்கே உப்பையும் எண்ணெயையும் பாதியாக்கி, ஊறுகாயை நிறுத்திட்டேன். முதல் வாய் வெச்சவர், "இன்னாமே இது, தறியில பாவு நூலுக்குப் போடற கஞ்சியா?"ன்னார். அதுக்கப்புறம் தினமும் போட்டதைத் தின்னுட்டுத் தறிக்குப் போயிடுவார். ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன், மக்கு மாதிரி.

ஒரு மாசம் போயிருக்கும். நெய்து முடிச்ச சேலையை முதலாளி வீட்டுக்கு எடுத்துக்கினு போனவர், அதே சேலையோட திரும்பி வந்தார். முந்தானையில கட்டைவிரல் அகலத்துக்கு எண்ணெய்க் கறை. இருபது வருஷமா ஒரு பொட்டுக் கறை விழாம நெய்த மனுஷன். முகத்துல ஈயாடலை.

நான் தறியைச் சுத்திச் சுத்திப் பார்த்தேன். மேல ஒண்ணும் இல்லை. அவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற குழிக்குள்ள குனிஞ்சா, ஓரமா ஒரு கண்ணாடி பாட்டில், அதுல எலுமிச்சை ஊறுகாய்! மத்தியானம் நான் பாத்திரம் கழுவறப்போ ஒரு துண்டை வாயில போட்டுக்கினு, விரலை வேட்டியில துடைச்சுட்டு நெய்திருக்கார்.

"உசுரு மேல ஆசையே இல்லையா உங்களுக்கு?"ன்னு கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கினு, "நாக்கு செத்துப் போச்சுமே. நான் இன்னா பண்றது?"ன்னார்.

சுருக்குன்னு தைச்சுது. என் கையால சாப்பிட்டவர் நாக்கு செத்துப் போச்சா? ஆனா யோசிச்சா தப்பு என் மேலயும்தான். உப்பையும் எண்ணெயையும் எடுத்தேனே தவிர, அந்த இடத்துல வேற எதையும் வைக்கலை.

மறுநாள்லேர்ந்து புதுசா சமைக்கக் கத்துக்கினேன். மல்லி, மிளகு, கொஞ்சம் கடலைப்பருப்பு, எல்லாத்தையும் வெறும் சட்டியில வாசனை வர வறுத்து அரைச்சேன். தாளிக்க ஒரே ஸ்பூன் எண்ணெய், அதையும் இறக்கறப்போதான் ஊத்துவேன். உப்பைக் கொதிக்கறப்போ போடாம கடைசியில போட்டுப் பார்த்தேன். குறைச்சலாவே போதுமா இருந்துச்சு. கீரைக்குச் சுட்ட பூண்டு. பொரியலுக்கு எலுமிச்சைச் சாறு. கத்திரிக்காயை அனல்ல சுட்டு, புளி சேர்த்துக் கடைஞ்சேன். கெட்டுப் போனதும் உண்டு. புளிப்பு ஏறிப் போன ஒரு குழம்பை நானே வாயில வைக்க முடியாம கொட்டினேன். விடலையே!

மூணாவது மாசம் ஒருநாள் ரசத்தை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடிச்சார். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்னு சிரிச்சுக்கினேன். பிரஷரும் இறங்கியிருந்தது. டாக்டர் குடுத்த மாத்திரையும் ஒரு பக்கம் வேலை செஞ்சுதுதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா மாத்திரை ரசம் வைக்காது.

அடுத்த வருஷம் தேவிகாபுரத்துல சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம். பஸ் புடிச்சுப் போனோம். பந்தியில அவர் எனக்கு எதிர் வரிசையில உக்காந்தார். இலையில சாம்பார் விழுந்தது, மேல எண்ணெய் மினுமினுன்னு. பழைய நாக்கு இந்த ஒரு இலையில திரும்பிட்டா, நாளையிலேர்ந்து என் சோறு இறங்குமா அவருக்கு? கண்ணால முறைச்சேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பிசைஞ்சு ஒரு வாய் போட்டார். அப்படியே நிறுத்திட்டுப் பக்கத்துல இருந்த பங்காளி கிட்ட, பந்தியே கேக்கற மாதிரி சொன்னார்:

"இன்னாபா இது, உப்பைத் தவிர ஒண்ணுமே தெரியலையே! சாம்பார் சாப்பிடணும்னா எங்க வீட்டுக்கு வா."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. கல்யாண வீட்டுக்காரங்க முன்னாடி எனக்குக் கூச்சமாத்தான் இருந்துச்சு. ஆனா தலையை மட்டும் குனியலை.