குழந்தை மேல் பட்ட நூல்

என் மாமியார் முதன்முதலாக என் காரில் ஏறியது திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, காலை ஐந்தரை மணிக்கு. எனக்குக் கல்யாணமாகி அப்போது பத்து வருடம் முடிந்திருந்தது. ஸ்ரீரங்கத்தில் அவர்கள் தெருவுக்குள் நான் வரக்கூடாது என்பது ஏற்பாடு. அவரே முதல் பஸ்ஸைப் பிடித்துக் காவிரியைத் தாண்டி வந்து, ஒயர் கூடையோடு ஒரு டீக்கடை வெளிச்சத்தில் நின்றிருந்தார். நான் முன் கதவைத் திறந்துவிட்டேன். அவர் பின் கதவைத் தானே திறந்து உட்கார்ந்துகொண்டார். சரிதான், இன்றைக்கு நான் டிரைவர் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பாலக்கரையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கன். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக வேலை. டாக்டர்களின் வாசலில் காத்திருப்பதுதான் பிழைப்பு என்றாலும் காத்திருக்க மட்டும் இன்றுவரை வரவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை சாவியை ஆட்டும். என் மனைவி ஸ்ரீரங்கத்து வைணவக் குடும்பத்துப் பெண், பள்ளிக்கூட ஆசிரியை. நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட அன்று என் மாமனார் கதவைச் சாத்தினார். அதோடு விடாமல், எங்கள் வாசற்படியை மிதிப்பதில்லை என்று பெருமாள் படத்துக்கு முன்னால் மாமியாரிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். மாமியார் அதைக் காப்பாற்றி வந்தார். போனில் பேசுவது சத்தியத்தில் சேராது என்று அவராகவே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு, மாமனார் மத்தியானம் தூங்கும் நேரமாகப் பார்த்து மகளோடு பேசுவார்.

எங்கள் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்தவள். பிறந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அப்போது வந்து பார்க்க முடியாத மாமியார், வீட்டில் இருந்தபடியே வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். குழந்தை பிழைத்து வீடு வந்து சேர்ந்தால், குழந்தையின் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக. ஏன் ரங்கநாதரை விட்டுவிட்டு மாதாவிடம் போனார் என்று என் மனைவி ஒருநாள் கேட்டதற்கு, தபால் ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்தவருக்கே உரிய பதில் வந்தது.

"குழந்தை பாலக்கரை. அந்த ஆத்துக் கடுதாசி அந்த ஆபீசுக்குத்தானேடி போகணும்? தப்பான ஆபீசுல போட்டா ஊரெல்லாம் சுத்திண்டுன்னா இருக்கும்? பெருமாள்கிட்ட சொல்லிட்டுத்தான் வேண்டிண்டேன்."

அன்றைக்கே ஏற்றியிருந்தால் ஒரு முழம்கூட வந்திருக்காது. ஆனால் வீட்டை விட்டு வெளியே வர வழியில்லாமல் ஏழு வருடம் ஓடிவிட்டது. குழந்தை வளர வளர மெழுகுவர்த்தியும் வளர்ந்துகொண்டே போனது.

இப்போது மாமியாருக்கு இதயத்தில் அடைப்பு. வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தாகிவிட்டது. ஆனால் அவர் பிடிவாதமாக இருந்தார். "வேண்டுதலை முடிக்காம கத்திக்குக் கீழ படுக்க மாட்டேன். திரும்பி எழுந்துக்கலேன்னா யார் போய் முடிப்பா?" என் மனைவி இரண்டு நாள் அழுதாள். பிறகு என்னிடம் வந்து நின்றாள். மாமனாரிடம், கூட வேலை பார்த்தவர் வீட்டு விசேஷம், நாகப்பட்டினத்தில், என்று சொல்லியாயிற்று. குழந்தையையும் கூட்டிப் போகிறேன் என்றேன். மாமியார் சம்மதிக்கவில்லை. "அவளைப் பார்த்துட்டா என்னால ஆத்துக்குத் திரும்பிப் போக முடியாது" என்றாராம். அளவு மட்டும் போதும். அதுவும் சென்டிமீட்டர் கணக்கெல்லாம் ஆகாது. குழந்தை மேல் பட்ட நூலாக இருக்க வேண்டும்.

முதல் நாள் சாயங்காலமே மனைவி குழந்தையைக் கதவோரம் நிறுத்தி, குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை வெள்ளை நூலால் அளந்து, சுருட்டி, ஒரு கவரில் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் கார் சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள். "நூல், நூல், நூல்" என்று மூன்று தடவை சொன்னாள். நான் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பூண்டி மாதா கோவிலில் நிறுத்தும்வரை எனக்கு அது நினைவே இல்லை. வேளாங்கண்ணிக்குப் போவதென்றால் முதலில் பூண்டியில் தலையைக் காட்டிவிட்டுப் போவது எங்கள் குடும்ப வழக்கம். பின் சீட்டிலிருந்து அவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அந்த நூலைக் குடுத்துடுங்கோ. என்கிட்டயே இருக்கட்டும்."

நூல் ஃப்ரிட்ஜ் மேலேயே கிடந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மனைவிக்குப் போன் போட்டிருக்கலாம். திரும்பிப் போயிருந்தால்கூட ஒரு மணி நேரப் பாடுதான். எதையும் செய்யவில்லை. பத்து வருடமாக ஒரு வார்த்தை பேசாதவர் முதலில் கேட்ட ஒரே பொருள் என்னிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ரோஷம்தான், வேறென்ன? "டிக்கியில இருக்குங்க, எடுத்துட்டு வரேன்" என்று இறங்கி, டிக்கியைத் திறந்து மூடிவிட்டு, நேரே பூக்காரம்மாவிடம் போனேன். பூக்கட்டும் நூலில் கொஞ்சம் வாங்கினேன். தூண் மறைவில் நின்று ஒரு முனையை மிதித்துக்கொண்டு, மறுமுனையை என் சட்டையின் நாலாவது பட்டன் வரை இழுத்து அறுத்தேன். ஆபீசிலிருந்து நான் வரும்போது ஓடிவந்து கட்டிக்கொள்கிறவளின் தலை அங்கேதான் இடிக்கும்.

அவர் நூலை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"மல்லி வாசனை வரதே. குழந்தை தலையில பூ வெச்சிண்டிருந்தாளா?"

"ஆமாங்க" என்றேன்.

என் மகளுக்குப் பேன் தொல்லை தாங்காமல் போன மாதம்தான் பாய் கட் வெட்டிவிட்டிருந்தோம். பூ வைக்க அந்தத் தலையில் இடமே கிடையாது.

அங்கிருந்து தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம். நான் ஓட்டிய ஓட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. லாரிகளை முந்தினேன், ரயில்வே கேட்டில் ஹாரன் அடித்தேன், மூடிய கேட்டைத் திறக்கச் சொல்லி யாரை மிரட்டுவது என்று தெரியாமல் ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அவர் அந்த நூலை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று குடைந்துகொண்டே வந்தது. அடுத்த ஊர் வரட்டும் என்றேன். அடுத்த ஊரும் வந்து போயிற்று.

வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்திக் கடைக்காரர் பல உயரத்து வர்த்திகளைக் கட்டாகச் சாய்த்து வைத்திருந்தார். மாமியார் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, அடியில் நூலின் முனையை வைத்து, மேலே இழுத்துப் பார்த்தார். ஒன்று ஒரு நெல்லளவு அதிகம் என்று திருப்பிக் கொடுத்தார். இன்னொன்று குறைவு. கடைக்காரர் பொறுமை இழந்து, "அம்மா, ஏறக்குறைய இருந்தா போதும்மா, மாதா ஒண்ணும் ஸ்கேல் வெச்சுப் பாக்க மாட்டாங்க" என்றார்.

"அவா பார்க்க மாட்டா. நான் பார்ப்பேன்" என்றார் மாமியார்.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். கால் அரித்தது, கை அரித்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. ஐந்தாவதோ ஆறாவதோ சரியாக இருந்தது. அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தோளில் சாய்த்துக்கொண்டு போனார். வாங்கிக்கொள்ள நான் நீட்டிய கையைப் பார்க்கவே இல்லை. வர்த்தி ஏற்றுகிற இடத்தில் நிறுத்தி, ஏற்றி, கொஞ்சம் தள்ளி நின்று கைகூப்பினார். சுற்றிலும் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே அவர் உதடு எதைச் சொன்னதோ எனக்குத் தெரியாது. நானும் மாதாவைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து பழகிய முகம். அன்றைக்கு நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை.

காருக்குத் திரும்பியபோது அவர் ஆளே மாறியிருந்தார். முன் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"நேரம் இருக்கோ? தரங்கம்பாடி பார்க்கலாமா? முப்பது வருஷம் நாகூர், காரைக்கால், தரங்கம்பாடின்னு கட்டுக் கட்டாப் பிரிச்சுப் பையில போட்டிருக்கேன். ஒரு ஊரைக்கூடக் கண்ணால பார்த்ததில்லே."

நேரம் இருந்தது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நாகூரில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னார். காரைக்காலில் கடைப் பெயர்ப்பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். தரங்கம்பாடியில் கோட்டைக்கு அருகே, கடலைப் பார்த்த ஒரு நிழலில் உட்கார்ந்து ஒயர் கூடையைத் திறந்தார். இரண்டு டப்பா தயிர்சாதம் இருந்தது. ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். மாவடு வேறு. நான் தயிர்சாதத்தை விரலால் கிளறிக்கொண்டே இருந்தேன்.

சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, கைப்பையிலிருந்து நூலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"வியாழக்கிழமை ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடுத்துன்னா, குழந்தை பெரியவளானப்புறம் இதை அவள்ட்ட குடுங்கோ. உன் உயரத்துக்கு ஒருத்தி வேண்டிண்டான்னு சொல்லுங்கோ, போதும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் கவர், பூக்காரம்மா, நாலாவது பட்டன், பாய் கட், எல்லாம். "மன்னிச்சிருங்கம்மா, புத்தி கெட்டுப்போய் செஞ்சுட்டேன்" என்றேன். பக்கத்தில் பட்டம் விட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது.

அவர் திட்டியிருந்தால் தேவலை. நூலைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தார். டப்பாக்களை மூடினார். "கிளம்பலாம்" என்றார்.

மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர். ஒரு பெயர்ப்பலகையைக்கூட அவர் படிக்கவில்லை. முன் சீட்டில்தான் இருந்தார், அதுவே இன்னும் கஷ்டமாக இருந்தது. வேண்டுதல் பலிக்காது, ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ள மாட்டார், நாளைப்பின்னே ஏதாவது ஆகிவிட்டால் என் மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. ஒரு சின்னப் பொய், அதுவும் அவசரத்துக்குச் சொன்னது. நானே என் தலையில் நங்கென்று குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

திருச்சிக்குள் நுழையும்போது மணி ஆறு. சத்திரத்துக்குப் போகும் பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டேன்.

"அங்கே வேண்டாம். பாலக்கரைக்கு விடுங்கோ" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "வீட்டுக்காங்க? சார்கிட்ட சத்தியம்..."

"அவர்ட்ட நான் சொல்லிக்கறேன்."

மனைவி கதவைத் திறந்தாள். என் பின்னால் நின்றவரைப் பார்த்து "அம்மா" என்றாள். மாமியார் வாசற்படியை ஒரு நிமிஷம் குனிந்து பார்த்தார். பிறகு வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். சத்தம் கேட்டு மகள் ஓடிவந்தாள். அவளுடைய ஒட்ட வெட்டிய தலையை மாமியார் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். கவர் வைத்த இடத்திலேயே இருந்தது.

அவர் அதைக் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து என் நூலை எடுத்தார். "இங்கே வாடி, கண்ணு. நேரா நில்லு" என்று குழந்தையைக் கதவோரம் நிறுத்தி, குதிகாலில் ஒரு முனையை வைத்து மேலே இழுத்தார். நூல் அவள் நடுநெற்றியோடு நின்றுவிட்டது. பெண் வளர்ந்ததைக்கூட அப்பன்காரன் கவனித்திருக்கவில்லை. நூல் முடிந்த இடத்துக்கும் உச்சந்தலைக்கும் நடுவே மாமியார் தன் விரல்களைக் குறுக்காக வைத்துப் பார்த்தார்.

"நாலு விரக்கடை குறையறது" என்றார்.

மனைவி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம். நான் படபடவென்று பேச ஆரம்பித்தேன். "நாளைக்கே போயிடலாம்மா. காலையில நாலு மணிக்கே கிளம்பிடலாம். குழந்தையையும் கூட்டிட்டுப் போவோம், புதுசாவே ஒண்ணு ஏத்திடலாம். இல்லாட்டி இப்பவே..." சாவி இன்னும் என் கையில்தான் இருந்தது.

"எதுக்கு இப்படிப் பறக்கறேள்? செத்த உட்காருங்கோ" என்றார்.

குழந்தையின் தலைமேல் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை. அந்தக் குட்டை முடியை முன்னும் பின்னுமாகத் தடவிக்கொண்டே மகளைக் கேட்டார்.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்கா?"

"காலையில ஏழு மணிக்கும்மா."

"வந்துடறேன். பாக்கி இருக்கே, எழுந்துண்டுதானே ஆகணும். உடம்பு தேறினதும் இவளை அழைச்சுண்டு போய் அந்த நாலு விரக்கடையை ஏத்திடணும். அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் வளர்ந்திருப்பா." என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கும் நீங்கதான் ஓட்டணும், மாப்பிள்ளை."

நான் சாவியை ஃப்ரிட்ஜ் மேல், கவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.