காய்ச்சல் பொங்கல்

இந்த ஊரில் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டால் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். கதவில் உள்ள சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்து, நாம் இறங்கிப் போன பிறகுதான் வெளியே வருவார்கள். பின்லாந்தின் தம்பெரே நகரத்துக்கு வந்த புதிதில், என்னைப் பார்த்துத்தான் ஒதுங்குகிறார்கள் என்று மனம் நொந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர்களுக்குள்ளேயும் அப்படித்தானாம். அடுத்தவரைத் தொந்தரவு செய்யாததுதான் இங்கே மரியாதை. நல்ல மரியாதை போங்கள்! கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குத் தாழ்ப்பாள் இருப்பதே படுக்கப் போகும்போதுதான் ஞாபகம் வரும். பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா பேசிக்கொண்டே உள்ளே வந்து, குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தெரிந்தது. வீடியோவில் கூப்பிட்டேன். முகம் சுருங்கிப் போயிருந்தது.

"சாப்ட்டியாம்மா?"

"ஆச்சு நைனா. ரோஸ்லினு பொங்கல் கொண்டாந்து குட்த்துச்சு."

"தட்டக் காட்டு."

"இன்னாடா, போலீஸ்காரனாட்டம் கேக்கற?"

பின்னால் மேசைமேல் மூடிய தூக்கு அப்படியே இருந்தது. விடாமல் கேட்டேன். கடைசியில், "தனியா எறங்கலடா" என்றாள். இரண்டு நாளாக வெறும் தண்ணீரும் மாத்திரையும்தானாம்.

எங்கள் வீட்டில் காய்ச்சலுக்கென்றே ஒரு பொங்கல் உண்டு. பச்சரிசி, பாசிப்பருப்பு, கொஞ்சம் சீரகம், உப்பு, அவ்வளவுதான். நெய், முந்திரி, தாளிப்பு எதுவும் கிடையாது. குழையக் குழைய வேக வேண்டும். காய்ச்சல் வந்தவர் அடுப்பைத் தொடக் கூடாது. இன்னொருவர் பொங்கி, சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். பேசக்கூட வேண்டாம், உட்கார்ந்தால் போதும். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துபோய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டே பேர். அம்மாவுக்குப் பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலை. நாளெல்லாம் ஊரான் பிள்ளைகளுக்கு வடித்துக் கொட்டிவிட்டு ரயிலில் வருவாள். எனக்குக் காய்ச்சல் என்றால் புடவையைக்கூட மாற்றாமல் பொங்கலை வைத்து எதிரில் உட்காருவாள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் நான். முதல்முறை அடிபிடித்துவிட்டது. "தீய்ஞ்சாலும் எம்புள்ள கையால தீய்ஞ்சிது" என்று வழித்துச் சாப்பிட்டாள்.

ரோஸ்லின் அக்காவுக்கும் வீடு, பேரப்பிள்ளைகள் என்று ஆயிரம் வேலை. தூக்கை வைத்துவிட்டு ஓடிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

"இரும்மா, நான் வெக்கிறேன்" என்று போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவிட்டு அரிசியைக் களைந்தேன்.

"அங்க வெச்சா இங்க எப்டிடா வரும்? பேஜாரு புட்ச்சவனே!" என்றாள். ஆனாலும் கண் என் பாத்திரத்தின் மேல்தான். "தண்ணி ஊத்து. பருப்பு முழுசு முழுசா கீது பாரு."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கஞ்சி பொங்கி வழிந்து, அடியும் பிடித்துவிட்டது. தீய்ந்த வாடை படிக்கட்டுவரை போயிருக்க வேண்டும். கதவு தட்டும் சத்தம்! எதிர்வீட்டு எய்லா. எழுபது வயதிருக்கும். குடிவந்ததிலிருந்து பேர் தெரிந்ததோடு சரி, நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. பதற்றத்தில் எனக்கு வந்த பின்னிஷ் மூன்றே வார்த்தை: "ஐத்தி. கூமே. ரீசி." அம்மா, காய்ச்சல், அரிசி. எய்லா உள்ளே எட்டிப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டினார். கையில் மூடிய நீலக் கிண்ணம். முஸ்திக்காகெய்த்தோ. இங்கே உடம்பு முடியாதவர்களுக்குக் கொடுக்கும் புளூபெர்ரிக் கஞ்சி. செருப்பைக் கழற்றிவிட்டு, எந்த அறை என்று ரகசியக் குரலில் கேட்டார். அம்மா உள்ளே படுத்திருப்பதாக நினைத்துவிட்டார், பாவம். கூசிப்போய்ப் போனைக் காட்டினேன்.

கிண்ணத்தோடு திரும்பிப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. போனுக்கு முன்னால் கிண்ணத்தை வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் கைவைத்து, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

"யாருடா இந்தம்மா?"

"எதிர் வூட்டம்மா. ஒனக்குதான் கஞ்சி கொண்டாந்துகீறாங்க."

"எனக்கா? ஐய, மெனக்கெட்டு வந்து குந்தினுகீறாங்களே. நான் துன்னாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

புடவையைச் சரிசெய்து எழுந்து போய், ரோஸ்லின் அக்காவின் தூக்கைக் கொண்டுவந்து திறந்தாள். ஆறிப்போன பொங்கல். ஒரு வாய், இன்னொரு வாய். தூக்கு காலியாகும்வரை எய்லா அசையவில்லை. அடுப்பைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அம்மா படுக்கப் போனாள். எய்லாவும் கிளம்பினார். கிண்ணத்தை நீட்டினால் வாங்கவில்லை. போனைக் காட்டி, "ஐத்தி" என்றார். வெளியே போகுமுன் கதவுக் கண்ணாடியில் கண்ணை வைத்து, படிக்கட்டில் ஆளில்லை என்று பார்த்துக்கொண்டார்.

பொங்கலைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். காய்ச்சல் இல்லாத நான் காய்ச்சல் பொங்கலைச் சாப்பிட்டேன். தீய்ந்துதான் இருந்தது. எதிரில் அம்மாவுக்கு வந்த நீலக் கிண்ணம் மட்டும் இருந்தது.